அலங்கார மீன் கம்பனிகளும் நீர்நிலைப் பாதுகாப்பும்

ஒலுவில் துறைமுகம் 2013ஆம் ஆண்டு செப்டெம்பர் மாதம் திறந்துவைக்கப்பட்டது. அதற்காகக் காணி கொடுத்தவர்களும், பின்னர் துறைமுகத்துக்கு வடக்கே கடலரிப்பினால் தென்னந்தோட்டத்தை இழந்தவர்களும் மாற்றுத் தொழில் தேடவேண்டிய நிலைக்குத் தள்ளப்பட்டனர். நமது நாட்டில் இத்தகைய குடும்பங்களுக்குச் சிபாரிசு செய்யப்படும் சுயதொழில்களில் ஒன்று அலங்கார மீன் வளர்ப்பாகும். அதிக காணி தேவையில்லை, முற்றத்தில் சில சீமெந்துத் தொட்டிகள் போதும் என்பதே அதற்குக் காரணம்.

இத்துறையிலுள்ள கம்பனிகள் பல, தாம் விஞ்ஞான ஆய்வுக்கு உதவுவதாகவும் இயற்கையைப் பாதுகாப்பதாகவும் கூறுகின்றன. இக்கூற்றில் எவ்வளவு உண்மை உண்டு? தொழிலில் இறங்குமுன் நாம் இதை விளங்கிக்கொள்வது நல்லது.

வியாபாரம் நடக்கும் விதம்

கண்ணாடித் தொட்டிகளில் நீந்தும் மீன்கள் இரு வழிகளில் வருகின்றன. நன்னீர் மீன்களிற் பெரும்பாலானவை பண்ணைகளில் இனப்பெருக்கம் செய்யப்பட்டவை. இலங்கை ஏற்றுமதி செய்யும் கப்பி மீன் இவ்வகையானது. கடல் மீன்களிற் பெரும்பாலானவையோ பவளப் பாறைகளில் சுழியோடிகள் உயிருடன் பிடிப்பவை. வளர்த்தவரிடமோ பிடித்தவரிடமோ வாங்கும் ஏற்றுமதியாளர், மீன்களைச் சில நாட்கள் தனிமைப்படுத்தி நோய் பார்த்து, பொலித்தீன் பையில் நீரும் ஒட்சிசனும் நிரப்பி விமானத்தில் அனுப்புகிறார். வழியில் மீன் இறந்தால் எல்லோருக்கும் நட்டம். ஆகவே மீனின் உணவு, நோய், இனப்பெருக்கம் பற்றிய அறிவு கம்பனிக்குக் கட்டாயம் தேவைப்படுகிறது. ஆய்வுக்கு உதவுவது வெறும் தருமம் அன்று. அதில் கம்பனிக்கும் இலாபம் உண்டு.

ஒரு நீர்த்தாவரத்தின் கதை

நமது நாட்டின் ஈரவலய ஓடைகளில் கிரிப்டோகொரைன் எனப்படும் நீர்த்தாவரங்கள் வளர்கின்றன. அவற்றுள் சில இனங்கள் உலகில் வேறெங்கும் இயற்கையாக இல்லை. ஒல்லாந்துத் தாவரவியலாளர் டி விட், அவற்றுள் ஒன்றுக்கு 1958இல் வென்டை என்று பெயரிட்டார். நீர்த்தொட்டித் தாவரங்களைப் பற்றி எழுதிய ஜேர்மனியரான வென்ட் என்பவரின் நினைவாகவே அப்பெயர் வந்தது. தொட்டி வளர்ப்போரின் ஆர்வமும் விஞ்ஞானமும் இவ்வாறு கைகோத்துச் சென்றுள்ளன.

நமது துறைமுகத்துக்குக் கடனுதவி வழங்கிய டென்மார்க் நாட்டில், 1970இல் தொடங்கிய திரொப்பிகா என்ற கம்பனி இத்தகைய தாவரங்களை நாற்றுமேடைகளிலும், இழைய வளர்ப்பு முறையில் ஆய்வுகூடங்களிலும் பெருக்கி விற்கிறது. ஓடையிலிருந்து செடியைப் பிடுங்கவேண்டிய தேவை இதனால் குறைகிறது. இது பாதுகாப்புக்கு நன்மையே. ஆனால் செடியின் தாயகமான ஓடைக்கும் அதன் கரையில் வாழும் மக்களுக்கும் இவ்வியாபாரத்தால் என்ன கிடைக்கிறது என்ற கேள்வி எஞ்சி நிற்கிறது.

பிரேசில் தரும் பாடம்

இக்கேள்விக்கு வேறொரு விடை பிரேசிலில் தேடப்பட்டது. அமேசன் காட்டில் ரியோ நீக்ரோ ஆற்றங்கரையிலுள்ள பார்செலோஸ் ஊர் மக்கள், கார்டினல் தெத்திரா என்ற சிவப்பும் நீலமுமான சிறு மீனைப் பிடித்து விற்று வாழ்ந்துவருகின்றனர். 1989இல் அங்கு ஆய்வைத் தொடங்கிய விஞ்ஞானிகள், வெள்ளம் வற்றும்போது இம்மீன்கள் பெருந்தொகையாக இயல்பாகவே இறந்துபோவதைக் கண்டனர். எனவே அளவோடு பிடிப்பதால் இனம் அழியாது. மாறாக, மீனால் வருமானம் பெறும் குடும்பங்கள் காட்டை வெட்டாமற் காக்கின்றன. "மீனை வாங்குங்கள், மரத்தைக் காப்பாற்றுங்கள்" என்ற கருத்தில் அமைந்த பியாபா திட்டம் இவ்வாறே உருவாயிற்று. மீன் வியாபாரிகளும் மிருகக்காட்சிச் சாலைகளும் அதற்கு உதவின.

ஆனால் பின்னர் அதே மீன் வெளிநாட்டுப் பண்ணைகளில் மலிவாக உற்பத்தியாகத் தொடங்கியது. பார்செலோஸ் மக்களின் சந்தை சுருங்கியது. "பண்ணையில் வளர்த்தது, ஆகவே இயற்கைக்கு நல்லது" என்ற வாதம் எல்லா இடத்துக்கும் பொருந்தாது என்பதை இது காட்டுகிறது.

கேரளம் தரும் பாடம்

எதிர்மாறான அனுபவம் கேரளத்தில் ஏற்பட்டது. மேற்குத் தொடர்ச்சி மலையின் ஆறுகளில் மட்டுமே வாழும் ஓர் அழகிய மீனுக்கு வியாபாரிகள் "மிஸ் கேரளா" என்று பெயர் வைத்தனர். வெளிநாட்டில் நல்ல விலை கிடைத்ததால் ஆற்றிலிருந்து அளவின்றிப் பிடித்தனர். 2008இல் மாநில அரசு அதைப் பிடிப்பதற்குக் கட்டுப்பாடுகளை விதிக்க நேர்ந்தது. இம்மீன் இன்று அழியும் ஆபத்திலுள்ள இனமாகக் கணிக்கப்பட்டுள்ளது. ஆய்வாளர்கள் அதைத் தொட்டியில் இனப்பெருக்கம் செய்வதில் வெற்றி கண்டனர். மெதுவாகப் பெருகும் மீனுக்குப் பண்ணையே பாதுகாப்பு; விரைந்து பெருகும் மீனுக்கு அளவான பிடிப்பே போதும். எது எதற்குப் பொருந்தும் என்பதை ஆய்வுதான் சொல்லவேண்டும். ஆய்வு வியாபாரத்துக்கு முன்னால் நடக்கவேண்டும். மீன் குறைந்தபின் அன்று.

நமது நாட்டில்

கேகாலை மாவட்டத்தின் கலபிட்டமடப் பகுதியில் ஒரு சிற்றோடை உண்டு. பண்டுல கெண்டை என்ற சிறு மீன் அங்கு மட்டுமே வாழ்வதாக 1991இல் விஞ்ஞானிகள் உலகுக்கு அறிவித்தனர். ஓடை வயல்களையும் இறப்பர்த் தோட்டங்களையும் ஊடறுத்துச் செல்கிறது. வயலுக்கு அடிக்கும் மருந்து ஓடையில் கலந்தால் மீனுக்கு ஆபத்து. ஆகவே அம்மீனைக் காப்பதில் முதற் பங்கு கமக்காரருடையது. வியாபாரத்துக்காகப் பிடிப்பதைத் தடுத்தால் மட்டும் போதாது. ஓடையும் சுத்தமாக இருக்கவேண்டும்.

இன்னொரு பக்கமும் உண்டு. தொட்டி மீன்களாக வந்த கத்திமீனும், "தொட்டி துப்புரவாக்கி" என விற்கப்படும் கவச மீனும் நமது ஆறு குளங்களுக்குள் புகுந்துவிட்டன. அவை உள்ளூர் மீன்களைப் பாதிக்கின்றன. வேண்டாத மீனைக் குளத்திலோ களப்பிலோ வாய்க்காலிலோ விடுவது பெருந்தவறு.

கம்பனியிடம் கேட்கவேண்டியவை

ஒலுவிலில் அலைத்தடுப்புச் சுவர்கள் மணலின் ஓட்டத்தை மறித்தன. தெற்கே மணல் சேர, வடக்கே கரை கரைந்தது. துறைமுக வாயிலையும் மணல் மூடியது. ஒரு திட்டத்தின் பின்விளைவை முன்கூட்டியே சரிவர ஆராயாவிட்டால் யார் விலை கொடுப்பது என்பதை இக்கரையோர மக்களுக்கு யாரும் படிப்பிக்கவேண்டியதில்லை. ஆகவே மீன்குஞ்சு தந்து வளர்த்துத் தரும்படி ஒரு கம்பனி கேட்டால், கையொப்பம் இடுமுன் இவற்றைக் கேளுங்கள்:

1. எமது கிணற்று நீரைப் பரிசோதித்தீர்களா? அதன் உவர்த்தன்மைக்கு எந்த மீன் பொருந்தும்? (கப்பியும் மொலியும் ஓரளவு உப்பைத் தாங்கும், பல மீன்கள் தாங்கா.)
2. குஞ்சு பண்ணையில் பிறந்ததா, ஆற்றில் பிடித்ததா? ஏற்றுமதிக்குச் சட்ட அனுமதி உண்டா?
3. எந்த அளவு மீனை, என்ன விலைக்கு, எப்போது வாங்குவீர்கள்? அது எழுத்தில் உண்டா?
4. நோய் வந்து மீன் இறந்தால் நட்டம் யாருடையது? பயிற்சி தருவது யார்?
5. ஆய்வுக்கு உதவுவதாகக் கூறுகிறீர்கள். எந்த ஆய்வு? யார் செய்கிறார்கள்? முடிவு எங்கே வெளியாகியது?

ஐந்தாவது கேள்வியே மிக முக்கியமானது. உண்மையாகவே ஆய்வுக்கு உதவும் கம்பனி, இறந்த மீன்களின் கணக்கையும் மறைக்காது காட்டும். மீன் எங்கிருந்து வந்தது என்ற பதிவை வைத்திருக்கும். வெறும் பேச்சுக்காரரிடம் இவை இரா.

தனிக்குடும்பமாகக் கேட்பதிலும் பார்க்கச் சங்கமாகக் கூடிக் கேட்பது பலமானது. நீருயிரின வளர்ப்புக்கெனத் தனி அரச அதிகாரசபை இருக்கிறது. தென்கிழக்குப் பல்கலைக்கழகம் ஒலுவில் மண்ணிலேயே இருக்கிறது. நீர்ப் பரிசோதனைக்கும் ஆலோசனைக்கும் அவர்களை நாடத் தயங்கவேண்டாம். மீன் வளர்ப்பு இழந்த தென்னந்தோட்டத்துக்கு ஈடாகாது. நட்டஈட்டுக் கோரிக்கையையும் அதற்காகக் கைவிட வேண்டியதில்லை. ஆயினும் நிதானமாக விசாரித்துத் தொடங்கினால், அது வீட்டுச் செலவுக்கு உதவும் ஒரு துணைத் தொழிலாகலாம்.

கலந்துரையாடலுக்கு

• நமது ஊர்க் குளத்திலும் வாய்க்காலிலும் முன்பு இருந்து இப்போது காணாமற்போன மீன்கள் எவை? ஏன்?
• நமது சங்கம் எந்தக் கிணறுகளின் நீரை முதலில் பரிசோதிக்கவேண்டும்?
• மேலேயுள்ள ஐந்து கேள்விகளோடு நாம் சேர்க்கவேண்டிய ஆறாவது கேள்வி எது?