நெடுநல்வாடையில் கூதிரும் உணர்வும்

பத்துப்பாட்டுள் 188 அடிகளால் அமைந்த நெடுநல்வாடை, தலைவியின் துயரைக் கூறுதற்கு முன்னர்க் கூதிர்க்காலத்தையே நெடிது பேசுகின்றது. இஃது அணி கருதி வந்த வருணனை அன்று என்பது எம் கருத்து.

முதற்கண், குளிர் உயிர்களின் இயல்பையே திரிக்கின்றது. விலங்குகள் மேய்ச்சலை மறக்கின்றன. கறவை தன் கன்றை உதைக்கின்றது. கோவலர் கொள்ளியிற் கைகாய்ந்தும் நடுங்குகின்றனர். நகரினுள்ளோ, பிச்சி அரும்பு அவிழும் மணங்கொண்டே மகளிர் மாலைப்பொழுதை அறிகின்றனர். மனைப்புறாக்கள் இரவு பகல் தெரியாது மயங்குகின்றன. விசிறிகள் சிலந்திநூல் படிந்து தொங்குகின்றன. மெய்யும் கண்ணும் மூக்கும் இங்ஙனம் குளிரை உணர்ந்த பின்னரே அரசியின் கட்டிலைக் காண்கின்றோம். ஆதலின் அவள் தனிமையைப் புலவர் மிகுத்துரையாராயினும் அஃது ஆழப் பதிகின்றது.

இறுதியில் அதே வாடை பாசறையில் வீசுகின்றது. விளக்குச் சுடர் சாயும் நள்ளிரவில், மழைத் துவலையையும் பொருட்படுத்தாது, புண்பட்ட மறவரைக் காணச் செல்கின்றான் அரசன். அவளுக்கு நெடிதாகிய வாடை அவனுக்கு நல்லதாகின்றது.

வேலில் வேம்பு கட்டிய குறிப்பு அடையாளப் பூவாதல் பற்றி, நச்சினார்க்கினியர் இதனைப் புறம் என்றார். அம்முடிபை ஏற்பினும் மறுப்பினும், இரு களங்களையும் ஒரு பாட்டாகப் பிணிப்பது வாடையே என்பது தெளிவு. அதனை வெறும் பின்னணி எனத் தள்ளின், அரண்மனையும் பாசறையும் இருவேறு பாட்டுகளாய்ப் பிரிந்துவிடும். திணை துணியப் புகுவார் முதற்பொருளையே முதற்கண் ஆராய்தல் வேண்டும் என்பது இதனாற் பெறப்படும்.