வாசிப்பு மாத்திர நினைவகமும் ஒரு பழைய விளையாட்டுக் கருவியும்

வாசிப்பு மாத்திர நினைவகத்திற்கும் தற்போக்குப் பெறுவழி நினைவகத்திற்கும் உள்ள வேறுபாட்டை மனனம் செய்து எழுதும் மாணவர் பலர், உதாரணம் கேட்டதும் தடுமாறிப் புள்ளிகளை இழக்கின்றனர். நீங்கள் அவ்வாறு தடுமாறாதிருக்க ஒரு பழைய கருவியை நோக்குவோம்.

ஜேர்மனியில் சபா நிறுவனம் ‘வீடியோபிளே’ என்னும் வீட்டு விளையாட்டுக் கருவியை விற்றது. இது அந்நிறுவனத்தின் சொந்தக் கண்டுபிடிப்பு அன்று. ஐக்கிய அமெரிக்காவின் ஃபெயார்சைல்ட் நிறுவனம் 1976 நவம்பரில் வெளியிட்டு, பின்னர் ‘சனல் எஃப்’ எனப் பெயர் மாற்றிய கருவியே உரிமம் பெற்று அங்கு விற்கப்பட்டது. சுவீடனில் லக்சர் நிறுவனமும் அவ்வாறே விற்றது. ஃபெயார்சைல்டும் காட்ரிஜ் நுட்பத்தை அல்பெக்ஸ் என்ற சிறு நிறுவனத்திடமிருந்து உரிமம் பெற்றே எடுத்திருந்தது!

அதற்கு முந்திய கருவிகள் பெரும்பாலானவற்றில் விளையாட்டுகள் மின்சுற்றிலேயே அமைந்திருந்தன. புதிய விளையாட்டுக்குப் புதிய கருவி வாங்க வேண்டும். சனல் எஃப் இலோ 8 பிட்டு நுண்முறைவழியாக்கி ஒன்று இருந்தது. அது காட்ரிஜினுள் உள்ள வாசிப்பு மாத்திர நினைவகத்திலிருந்து செய்நிரலை வாசித்து இயங்கியது. வன்பொருள் ஒன்றே, மென்பொருள் மட்டும் மாறியது.

சொல்வதற்கு இது இலகு. ஆனால் ஆய்வுகூடத்தில் மாதிரியை ஒரு தடவை செருகுவது வேறு, வீட்டில் சிறுவர்கள் நூற்றுக்கணக்கான தடவை செருகிக் கழற்றுவது வேறு. தொடுகைகள் தேயாமலும் சில்லு பழுதடையாமலும் இருக்க வேண்டும். இவ்வேலையை முன்னின்று நடத்திய பொறியியலாளர் ஜெரி லோசன் ஆவார். இவரது பெயர் நீண்டகாலம் பேசப்படவில்லை. 2011 ஏப்ரலில் இவர் இறப்பதற்கு ஒரு மாதம் முன்னரே சர்வதேச விளையாட்டு உருவாக்குநர் சங்கம் இவரைக் கௌரவித்தது.

இனி ஒரு கணிப்பு. திரைக்கான நினைவகத்தில் 128 × 64 படமூலங்கள். ஒவ்வொன்றுக்கும் 2 பிட்டுகள். எனவே 128 × 64 × 2 = 16 384 பிட்டுகள்; 8 ஆல் வகுக்க 2048 பைற்றுகள், அதாவது 2 கிலோபைற்று. இரண்டு பிட்டுகளால் நான்கு நிலைகளையே குறிக்கலாம் என்பதையும் கவனிக்குக.

ஆட்டத்தின் புள்ளிகள் எங்கே இருந்தன? காட்ரிஜில் என எழுதுவது பிழை. முறைவழியாக்கியுடன் இணைந்த 64 பைற்று தற்போக்கு நினைவகமே அவற்றுக்கான இடம். மின்னை நிறுத்தினால் புள்ளிகள் அழிந்துவிடும். காட்ரிஜிலுள்ள விளையாட்டு அழியாது, மீண்டும் மின் வந்ததும் ஆட்டம் பூச்சியத்திலிருந்து தொடங்கும்.