இலண்டனிலிருந்து கொழும்பு: தூரமும் நேரமும்



விடுமுறைக்கு ஊர் சென்று திரும்பிய மாணவி ஒருத்தி வகுப்பிலே ஒரு வினா எழுப்பினாள். “போகும்போது பத்தரை மணித்தியாலம், வரும்போது பதினொன்றேகால். தூரம் ஒன்றுதானே, சேர்?” நல்ல வினா. அதற்குரிய விடையை இங்கே தருகின்றேன்.

முதலில் தூரத்தைக் காண்போம். பூகோள உருண்டையில் இலண்டனுக்கும் கொழும்புக்கும் இடையே ஒரு நூலை இறுக்கிப் பிடியுங்கள். நூல் முதலிற் கிழக்கு நோக்கியே செல்லும். செருமனியையும் கருங்கடலையும் கடந்து, ஈரானின் தலைநகரான தெகிரானுக்கு அண்மையிற் பாதி வழியை அடையும். பின்னர் அரபிக்கடலின் மேலாகத் தெற்கே இறங்கிக் கொழும்பைச் சேரும். சுவரில் தொங்கும் தேசப்படத்தில் இவ்வழி வளைவாகத் தோன்றினும், உருண்டையான பூமியில் இதுவே மிகக் குறுகியது. இதன் நீளம் ஏறத்தாழ 8,700 கி.மீ.

பயணிகள் விமானம் மணிக்கு ஏறத்தாழ 900 கி.மீ. வேகத்திற் பறக்கும். 8,700ஐ 900ஆல் வகுத்தால் 9 மணி 40 நிமிடம் வரும். ஆனால் மேலெழும்போதும் கீழிறங்கும்போதும் வேகம் குறைவு. நூல்போல் நேராகச் செல்லவும் எப்போதும் இயலாது. போர் நிகழும் நாடுகளின் வான்வெளியை விலக்கிச் சுற்ற வேண்டும். 2022 பெப்ரவரியில் உக்ரேனின் வான்வெளி மூடப்பட்டமை இதற்கு ஓர் உதாரணம்.

இனி, திரும்பும் பயணம் ஏன் நீள்கின்றது? ஏறத்தாழ 10 கி.மீ. உயரத்தில், மேற்கிலிருந்து கிழக்கு நோக்கி ஜெட் காற்றோட்டம் விரைந்து வீசுகின்றது. மாரியில் அது மேலும் வலுக்கும். கிழக்கே செல்லும் விமானத்தை அது தள்ளிவிடும். மேற்கே வருவதைத் தடுக்கும். சோளகத்துக்கு எதிராகச் சைக்கிள் மிதித்த உங்கள் பெற்றோருக்கு இது நன்கு விளங்கும்.

மணிக்கூட்டையும் மறத்தலாகாது. மாரியிற் கொழும்பு நேரம் ஐந்தரை மணித்தியாலமும், கோடையில் நாலரை மணித்தியாலமும் முந்தியது. மாரியில் இரவு 9 மணிக்கு இலண்டனிற் புறப்பட்டுப் பத்தரை மணித்தியாலம் பறந்தால், இறங்கும்போது கொழும்பில் மறுநாட் பிற்பகல் 1 மணி. கணக்கைச் செய்து பாருங்கள்.

எனினும் எல்லாப் பயணமும் வகுத்தற் கணக்கில் அடங்குவதில்லை. கொழும்பிலிருந்து யாழ்ப்பாணம் ஏறத்தாழ 400 கி.மீ.; மேற்சொன்ன தூரத்தின் இருபதில் ஒரு பங்கினும் குறைவு. 1990இல் நின்ற யாழ்ப்பாணப் புகையிரதம் 2014இலேயே மீண்டும் அந்நகரை அடைந்தது. தொண்ணூறுகளின் தொடக்கத்திற் கிளாலிக் கடனீரேரியை இரவில் வள்ளத்திற் கடந்தோர் பலர். அந்தச் சிறு தூரத்துக்கு நாட்கள் சென்றன.

என் தாயார் காலமானபோது எனது அகதி விண்ணப்பத்துக்கு முடிவு வந்திருக்கவில்லை. பதினொரு மணித்தியாலப் பயணந்தான். நான் செல்ல இயலவில்லை. கிரியைகளைத் தொலைபேசியிற் கேட்டேன்.

ஆகவே இவ்வாரம் உங்களுக்கு ஒரு வேலை தருகின்றேன். அம்மா, அப்பா, அம்மம்மா எவரையேனும் கேளுங்கள்: ஊரிலிருந்து இந்நாட்டை வந்தடைய எத்தனை நாள் ஆயிற்று? இடையில் எங்கெங்கே தங்கினார்கள்? விடையைத் தமிழில் எழுதி வாருங்கள். பெற்றோர்களே, பிள்ளை கேட்கும்போது நேரமில்லை என்று சொல்லிவிடாதீர்கள். நூலும் பூகோள உருண்டையும் வகுப்பில் இருக்கின்றன. அவ்வழிகளையும் சேர்ந்து அளப்போம்.