கடைசி டாங்கைக் கலக்கும் முன்பு

காலை பத்து மணி. பருத்தி வயலில் இன்னும் நான்கு வரிசை பாக்கி. தெளிப்பானில் மருந்து தீர்ந்துவிட்டது. சட்டையின் முதுகுப்புறம் நனைந்திருக்கிறது. அது வியர்வையா, மூடி வழியாகக் கசிந்த மருந்தா என்று தெரியவில்லை. "இன்னும் ஒரு டாங்க்தானே, அடித்துவிட்டே போய்விடலாம்" என்று மனம் சொல்கிறது. பூச்சிமருந்து அடிக்கும் விவசாயி மிகவும் எச்சரிக்கையாக இருக்க வேண்டிய நேரம் இதுதான்.

கணக்கைப் பாருங்கள்

வளர்ந்த பயிருக்குக் கைத்தெளிப்பானால் அடிக்க ஏக்கருக்குச் சுமார் 200 லிட்டர் கலவை தேவைப்படும். 16 லிட்டர் பிடிக்கும் தெளிப்பானில் இது 12 அல்லது 13 டாங்க் ஆகும். தண்ணீர் மொண்டு, மருந்து கலந்து, அடித்து முடிக்க டாங்குக்கு 20 நிமிடம் என்று வைத்தாலும் நான்கு மணி நேரத்துக்குக் குறையாது. ஆறு மணிக்கு வயலில் இறங்கியவருக்கும் பத்து மணி ஆகிவிடும். ஒவ்வொரு தடவையும் தண்ணீர் பாரம் மட்டுமே 16 கிலோ முதுகில் ஏறுகிறது. ஒரே ஆள் ஒரே காலையில் ஒரு ஏக்கரை முடித்தே தீர வேண்டும் என்று நினைப்பது தவறான கணக்கு. முதல் நாள் பாதி, மறுநாள் பாதி என்று பிரித்துக்கொள்வதே நல்லது.

வெயில் ஏறினால் விஷமும் ஏறும்

தோல் சூடாகி வியர்க்கும்போது மருந்து உடலுக்குள் இறங்குவது அதிகமாகிறது. உள்ளங்கையைவிட நெற்றி, அக்குள், தொடையிடுக்கு ஆகிய இடங்களில் அது எளிதில் இறங்கும். புழுக்கம் தாங்காமல் கையுறையையும் முகத்துணியையும் கழற்றி வைப்பதும் இந்த நேரத்தில்தான்.

புரபனோபாஸ் போன்ற ஆர்கனோ பாஸ்பரஸ் மருந்துகள், நரம்புகள் ஒழுங்காக இயங்கத் தேவையான ஒரு நொதியை முடக்குகின்றன. அது பழைய அளவுக்குத் திரும்பப் பல வாரங்கள்கூட ஆகலாம். ஆகவே இன்று கொஞ்சம், நாளை கொஞ்சம் என்று உடலில் பட்டாலும் தீங்கு சேர்ந்துகொண்டே போகும். நேற்று ஒன்றும் ஆகவில்லை என்பது இன்றைக்குப் பாதுகாப்பாகாது. மராட்டிய மாநிலம் யவத்மால் மாவட்டத்தில் 2017ஆம் ஆண்டு பருத்திக்கு மருந்து அடித்தவர்களில் 20 பேருக்கு மேல் உயிரிழந்தனர்.

எப்போது நிறுத்த வேண்டும்?

இலைகள் ஓயாமல் ஆடும்படி காற்று எழுந்தால் நிறுத்த வேண்டும். மருந்து பயிரில் தங்காது. அடிப்பவர் மேலும் பக்கத்து வயலிலும் விழும். மழை மேகம் திரண்டாலும் நிறுத்த வேண்டும். அடித்த மருந்து கழுவிப் போனால் பணமும் போயிற்று. தெளிப்பான் கசிந்து உடை நனைந்தால், அந்த உடையோடு ஒரு வரிசைகூட அடிக்கக் கூடாது.

மாலையில் அடிப்பவர்கள் இருட்டும் முன்பே முடித்துவிட வேண்டும். இருட்டில் கசிவும் தெரியாது, அளவும் தெரியாது.

தலைவலி, தலைசுற்றல், குமட்டல், வாயில் எச்சில் ஊறுதல், பார்வை மங்குதல், தசை துடித்தல், மூச்சுத்திணறல் ஆகியவற்றில் ஒன்று தோன்றினாலும் வேலை அன்றோடு சரி. "வெயில் தாக்கம், சற்று மரத்தடியில் படுத்தால் சரியாகும்" என்று நனைந்த சட்டையோடு படுப்பவர்கள் உண்டு. வெயில் மயக்கமும் மருந்து மயக்கமும் தொடக்கத்தில் ஒன்று போலவே இருக்கும். உடனே உடையைக் களைந்து, சோப்புப் போட்டு நிறையத் தண்ணீரில் குளிப்பாட்ட வேண்டும். வாந்தி எடுக்க வைக்கக் கூடாது. பால், மோர் என்று கொடுத்து நேரத்தைப் போக்காமல் 108க்குத் தகவல் சொல்லி, மருந்துப் புட்டியின் சீட்டோடு ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போக வேண்டும். எந்த மருந்து என்று தெரிந்தால் டாக்டர் சிகிச்சையைத் தாமதமின்றித் தொடங்கலாம்.

கலக்கும் முன்பே முடிவு

கலந்த மருந்தை மறுநாளைக்கு வைத்திருக்க முடியாது. வீரியம் குறையும், குழந்தைகளும் கால்நடைகளும் தொட்டுவிடும் ஆபத்தும் உண்டு. வீணாகிறதே என்றுதான் பலர் உடம்பு முடியாமலும் அடித்துத் தீர்க்கிறார்கள். ஆகவே நிறுத்துவதா, தொடர்வதா என்பதை மருந்தை ஊற்றும் முன்பே தீர்மானிக்க வேண்டும். ஒவ்வொரு டாங்கையும் கலக்கும் முன் வெயில், காற்று, உடை, உடம்பு ஆகிய நான்கையும் பார்த்துக்கொள்ளலாம். கடைசி வரிசைகளுக்கு அரை டாங்க் போதுமானால் அரை டாங்குக்குரிய மருந்தை மட்டுமே கலக்க வேண்டும்.

நிறுத்திய வரிசையில் ஒரு குச்சியை நட்டுவிட்டுப் போனால், மறுநாள் விட்டுப்போகாமலும் இரட்டிப்பாக விழாமலும் தொடரலாம். நான்கு வரிசையை மறுநாள் காலையில் அடிப்பதால் மகசூல் குறைந்துவிடாது.

பல ஊர்களில் மருந்து அடிக்கும் ஆளுக்கு டாங்க் கணக்கில் கூலி. நிறுத்தினால் கூலி போகும் என்பதால் அவர் நிறுத்தமாட்டார். ஆள் வைத்து அடிப்பவர்கள் காலை வேலைக்கு இவ்வளவு என்று கூலி பேசிவிட்டால் அவருக்கு அவசரம் இருக்காது. பத்து மணிக்கு "போதும், மீதியை நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம்" என்று வயலுக்கு உடையவரே சொல்ல வேண்டும். அந்தச் சொல்லைக் கேட்டால்தான் அவர் தெளிப்பானை நிம்மதியாக இறக்கி வைப்பார்.