மண்ணெண்ணெய்க் காரும் பந்தயக் காரும்

பழைய ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றை வாங்கி, பிரித்து, திருத்திப் பூட்டி, பந்தயப் பாதையில் ஓட்டி மகிழ்வது செல்வர் வீட்டுப் பிள்ளைகளின் பொழுதுபோக்கு என்றே நம்மிற் பலர் எண்ணியிருக்கின்றோம். களுத்துறைக்கு அருகேயுள்ள கட்டுக்குருந்தையில், இரண்டாம் உலகப் போர்க் காலத்து விமானத் தளமே இத்தகைய பந்தயங்களுக்குக் களமாயிற்று. சென்னைக்கு அண்மையிலுள்ள சோழவரத்திலும் போர்க்கால ஓடுபாதை ஒன்று பல ஆண்டுகள் பந்தயப் பாதையாக விளங்கிற்று. கிளிநொச்சிக்கு அத்தகைய பெருமை கிட்டவில்லை. ஆயினும் பழைய எஞ்சினைப் பிரித்து அதன் இயல்பையே மாற்றியமைக்கும் வித்தையை வன்னி மக்கள் அறியாதவர்கள் அல்லர். வேகத்துக்காக அவர்கள் அதைக் கற்கவில்லை; பெற்றோல் இல்லாமையாற் கற்றார்கள்.

அக்கதையைக் கூறுமுன் சில எஞ்சின்களின் உறவுமுறையை வாசகர்கள் அறிந்துகொள்ளல் நன்று.

நம் ஊர்த் தெருக்களில் ஒரு காலத்தில் மலிந்திருந்த மொறிஸ் மைனரை எடுத்துக்கொள்வோம். 1952 முதல் அதிற் பொருத்தப்பட்டது 'ஏ வரிசை' எனப்படும் ஒஸ்ரின் எஞ்சின். தொடக்கத்தில் அதன் கொள்ளளவு 803 கன சென்ரிமீற்றர். 1956இல் 948 ஆகிற்று. இந்த 948 எஞ்சினுக்கே இரண்டு கார்புரேற்றர்களைப் பூட்டி, 1958இல் ஒஸ்ரின் ஹீலி ஸ்பிறைற் என்னும் சிறிய ஸ்போர்ட்ஸ் காரை வெளியிட்டார்கள். 1964இல் மொன்ரி கார்லோ ராலியில் வாகை சூடிய மினி கூப்பரின் வயிற்றில் இருந்ததும் இதே குடும்பத்து எஞ்சின்தான். கல்யாண வீட்டுக்கும் ஆசுபத்திரிக்கும் போய்வந்த நம் மைனர், பந்தய வீரரின் உடன்பிறப்பு என்பதை எத்தனை பேர் அறிவோம்?

இதனினும் வியப்பான உறவு ஒன்றுண்டு. பேர்கசன் ரீ.ஈ. 20 என்ற சாம்பல் நிற உழவு இயந்திரத்தைப் பெரியவர்கள் சிலர் கண்டிருக்கலாம். அதற்கு எஞ்சின் செய்து கொடுத்தது இங்கிலாந்தின் ஸ்ரான்டர்ட் கம்பனி. அதே எஞ்சினின் நெருங்கிய உறவு ஒன்றைத்தான் ட்ரையம்ப் ரீ.ஆர். 2 என்ற ஸ்போர்ட்ஸ் காரிலும் பூட்டினார்கள். அக்கார் 1953இல் பெல்ஜியத்தின் யபெக் நெடுஞ்சாலையில் மணிக்கு 124 மைல் வேகத்தில் பாய்ந்தது! உழவு இயந்திரத்தின் ஒரு வகையோ மண்ணெண்ணெய் இனத்தைச் சேர்ந்த எண்ணெயில் ஓடுவதற்கென்றே அமைக்கப்பட்டது. வயலில் உழுததற்கும் சாலையிற் பறந்ததற்கும் தாய் ஒருத்தியே.

பின் வேற்றுமை எங்கே? எரிபொருளை எவ்வளவு அழுத்துகின்றோம், தீப்பொறியை எப்போது விடுகின்றோம் என்பதிலேதான். பந்தயக்காரர் எஞ்சின் ஹெட்டின் அடிப்பாகத்தைச் சீவி, சிலிண்டருள் அழுத்தத்தைக் கூட்டுவார். தீப்பொறியைச் சற்று முன்னதாக விடுவார். சாதாரண மைனர் 1000 எஞ்சினில் அழுத்த விகிதம் 8.3க்கு ஒன்று, அதைவிடக் கூட்டினால் வலிமையும் கூடும். ஆனால் நல்ல பெற்றோல் வேண்டும். தரங்குறைந்த எரிபொருளானால் அது தீப்பொறியின் வழியே சீராக எரியாமல், அழுத்தத்தின் சூட்டிலே ஒரு பகுதி தானாகவே வெடிக்கும். எஞ்சினுள் சுத்தியலால் அடிப்பது போன்ற ஓசை எழும். நாளடைவில் பிஸ்ரனும் பழுதாகும்.

மண்ணெண்ணெய் இவ்வகையில் மிகவும் தரங்குறைந்தது. ஆகவே அதைக் கொண்டு ஓட்ட வேண்டுமாயின் பந்தயக்காரர் செய்வதற்கெல்லாம் நேர்மாறாகச் செய்ய வேண்டும். ஹெட்டுக்கு அடியில் தடித்த கஸ்கற்றை இட்டு அழுத்தத்தைக் குறைக்க வேண்டும். தீப்பொறியைப் பிந்தவிட வேண்டும். இன்னொரு தொல்லையும் உண்டு. குளிர்ந்த எஞ்சினில் மண்ணெண்ணெய் ஆவியாவதில்லை. எனவே பெற்றோலில் கிளப்பி, எஞ்சின் நன்கு சூடேறிய பின்னரே மண்ணெண்ணெய்க்கு மாற்ற வேண்டும்.

1990 யூனில் போர் மீண்டும் மூண்டபோது வடக்குக்குப் பெற்றோல் செல்வது தடைப்பட்டது. 2002இல் போர்நிறுத்தம் ஏற்பட்டு ஏ-9 வீதி திறக்கும்வரை, ஏறத்தாழப் பன்னிரண்டு ஆண்டுகள், வன்னியில் பெற்றோல் மருந்தைப் போல் அருமையாயிற்று. காரின் கார்புரேற்றருள் சில துளி பெற்றோலை விட்டுக் கிளப்புவதும், பின்னர் மண்ணெண்ணெயில் ஓட்டுவதும் அன்றாட வழக்கமாயின. புகை கண்ணைக் கரிக்கும். பிளக்குகளில் கரி படியும். எரியாத மண்ணெண்ணெய் சிலிண்டர்ச் சுவர் வழியே வடிந்து எஞ்சின் எண்ணெயை நீர்க்கச் செய்யும். எண்ணெயை அடிக்கடி மாற்றாவிட்டால் பேரிங்குகள் தேய்ந்துபோகும். மாற்று உதிரிப்பாகம் கிடைப்பதோ அரிது. இவ்வளவையும் தெரிந்துகொண்டே ஓட்டினார்கள். காய்ச்சலிற் கிடக்கும் பிள்ளையையோ பிரசவ வேதனைப்படும் பெண்ணையோ ஆசுபத்திரி வாசலில் இறக்கும்வரை அந்த எஞ்சின் நிற்கக்கூடாது. பந்தயக்காரரின் எஞ்சின் நடுவழியில் நின்றால் அவருக்குக் கிண்ணம் கிடையாது, அவ்வளவே. (2022இல் நாடெங்கும் பெற்றோலுக்கு வரிசை நீண்டபோது, தென்னிலங்கை அன்பர்களும் துளியின் மதிப்பை ஓரளவு உணர்ந்திருப்பர்.)

அவ்வண்டிகளிற் பல இன்று இல்லை. 2009இல் முள்ளிவாய்க்காற் பகுதியில் எரிந்தும் கைவிடப்பட்டும் குவிந்து கிடந்த வாகனங்களின் படங்களை உலகமே கண்டது.

எஞ்சியிருக்கும் மைனர் ஒன்றைப் பந்தயத்துக்கென மீட்டெடுக்க விரும்பும் மாணவர்களுக்கு ஒரு சொல். ஏ வரிசையிற் பின்னர் வந்த 1275 எஞ்சின், சிறுசிறு மாற்றங்களோடு மைனரில் அமர்ந்துகொள்ளும். மேனாட்டில் இது பழகிய வேலை. ஆனால் எஞ்சினுக்கு முன் பிரேக்கைக் கவனியுங்கள். மைனரின் டிரம் பிரேக்குகள் அந்த வேகத்துக்குச் செய்யப்பட்டவை அல்ல. முன் சில்லுகளுக்கு டிஸ்க் பிரேக் அவசியம். உருண்டாலும் நசுங்காத இரும்புக் கூண்டும், தோள் வழியே இறுக்கும் பட்டியும், தலைக்கவசமும் இன்றிப் பந்தயப் பாதையில் இறங்கவே கூடாது. பழைய எஞ்சினைக் கழற்றும்போது ஹெட்டுக்கு அடியில் வழக்கத்துக்கு மாறான தடித்த கஸ்கற் அகப்படுமாயின், அதைக் குப்பையில் எறிந்துவிடாதீர்கள். வண்டியின் பழைய சொந்தக்காரரிடம் அதைக் காட்டி, அது எப்போது, எதற்காக இடப்பட்டதென்று கேட்டுப் பாருங்கள்.