உஷார்! வாசலில் வந்து ரேகை கேட்டால் விரலை நீட்டாதீர்கள்

"உரிமைத்தொகை நிக்காம வரணும்னா கே.ஒய்.சி. பண்ணணும்மா, கட்டை விரலை வைங்க" என்று கையில் ரேகை மிஷினோடு யாராவது வந்து நின்றால், தயவுசெய்து வைக்காதீர்கள். கணக்கில் இருப்பதை அந்த இடத்திலேயே உருவிவிட முடியும்.

ஆதார் எண், எந்த வங்கி என்ற விவரம், விரல் ரேகை. பணம் எடுக்க இந்த மூன்றும் போதும். ஏ.டி.எம். கார்டு வேண்டாம், பின் நம்பர் வேண்டாம், ஓ.டி.பி.யும் கேட்காது. ஒரு தடவைக்கு 10,000 ரூபாய் வரை எடுக்கலாம். வங்கிக் கிளை இல்லாத ஊரில் முதியோர் பென்ஷன் வாங்க, ஆதாரை வைத்துப் பணம் எடுக்கும் இந்த முறை நல்ல ஏற்பாடுதான். ஆனால் "ஓ.டி.பி. சொல்லாதீர்கள்" என்றே எச்சரித்துவிட்டு, ஓ.டி.பி. இல்லாமலே பணம் போகும் இந்த வழியைச் சொல்லாமல் விட்டுவிடுகிறோம்.

ரேஷன் கடையில் மாதாமாதம் விரல் வைத்துப் பழகிய கைகள் நம்முடையவை. ரேகை கேட்டாலே அரசாங்க ஆள் என்று நம்பிவிடுகிறோம். 2023 செப்டம்பர் 15-இல் தொடங்கிய தமிழக அரசின் மகளிர் உரிமைத்தொகை, மாதம் 1,000 ரூபாயாக ஒரு கோடிக்கும் மேற்பட்ட பெண்களின் கணக்கில் ஏறியது. எந்த வீட்டுக் கதவைத் தட்டலாம் என்று திருடன் யோசிக்கவே வேண்டாம்.

2025 ஆகஸ்டில் தொடங்கிய தாயுமானவர் திட்டத்தில், 70 வயது தாண்டியவர்கள், மாற்றுத்திறனாளிகள் வீட்டுக்கே ரேஷன் கொண்டு வந்தார்கள். அவர்கள் அரிசியோடும் தராசோடும் வந்தார்கள். வெறும் மிஷினோடு வருகிறவரை நம்பாதீர்கள். கார்டுக்கு ரேகைப் பதிவு பாக்கி என்றால் உங்கள் கடைக்கே போய் வையுங்கள், காசு கிடையாது. சந்தேகமா? ரேஷன் உதவி எண் 1967-க்குப் போன் போடுங்கள்.

இன்னொன்றும் செய்யலாம். எம்-ஆதார் செயலியில் ரேகையைப் பூட்டி வைக்கும் வசதி இருக்கிறது. பூட்டினாலும் கணக்கில் பணம் ஏறுவது நிற்காது. ரேஷன் கடை மிஷின்தான் உங்கள் விரலை ஏற்காது. அதனால் பணம் வாங்கும் அம்மாவின் ரேகையைப் பூட்டிவிட்டு, ரேஷனுக்கு கார்டில் பெயருள்ள வேறொருவர் போகட்டும்.

ஏற்கெனவே விரல் வைத்துவிட்டீர்களா? வெட்கப்பட்டு மூடி மறைக்காதீர்கள். உடனே சைபர் குற்ற உதவி எண் 1930-க்குச் சொல்லுங்கள். அன்றைக்கே பாஸ்புக்கோடு வங்கிக்குப் போய், எழுத்தில் புகார் கொடுத்து, நகலில் சீல் வாங்கிக்கொண்டு வாருங்கள்.