அரசனைத் தேடிப் போன ஊர்

தாம்பரத்துக்குச் சற்று வடக்கே, பழைய பல்லாவரத்துக் குன்றில் பல்லவ மன்னன் முதலாம் மகேந்திரவர்மன் குடைவித்த குகைக்கோயில் இருக்கிறது. அவனுடைய விருதுப்பெயர்கள் அங்கே கல்லில் வெட்டப்பட்டிருக்கின்றன. இன்று அது தர்கா. ஆனால் பல்லவர்கள் முடிசூடிய ஊரைக் காண, முடிச்சூர், படப்பை, வாலாஜாபாத் வழியாகக் காஞ்சிபுரம் போக வேண்டும்.

அங்கே அரண்மனையைத் தேடிப் பயனில்லை. பல்லவர் அரண்மனை ஒன்றுகூட இன்று நிற்கவில்லை. வைகுண்டப் பெருமாள் கோயிலின் திருச்சுற்றுச் சுவரைத்தான் பார்க்க வேண்டும். பட்டுச்சேலை எடுக்க வரும் புறநகர்க் குடும்பங்கள் பல அதைப் பார்க்காமலே திரும்பிவிடுகின்றன. பெரிய இழப்பு அது.

எட்டாம் நூற்றாண்டின் முற்பகுதியில் இரண்டாம் பரமேசுவரவர்மன் இறந்தபோது அரியணைக்கு வாரிசில்லை. காஞ்சியின் அமைச்சர்களும், கடிகை என்ற கல்விச்சாலையைச் சேர்ந்தவர்களும், குடிகளின் தலைவர்களும் சேர்ந்து, பல்லவரின் கிளை மரபில் வந்த இரணியவர்மனிடம் போய் அரசன் வேண்டும் என்று கேட்டார்கள். அவனுடைய மூத்த மகன்கள் மூவரும் மறுத்துவிட்டார்கள். கடைக்குட்டி பல்லவமல்லன் மட்டும் “நான் போகிறேன்” என்று முன்வந்தான். வயது 12. மகனைப் பிரியத் தகப்பனுக்கு மனமே இல்லை. கடைசியில் அனுப்பிவைத்தான். மலையும் ஆறும் காடும் கடந்து வந்த சிறுவனைக் காஞ்சி நகரத்தார் எதிர்கொண்டழைத்தார்கள். நந்திவர்மன் என்று பெயர் சூட்டி முடிசூட்டினார்கள். இத்தனையும் அந்தச் சுவரில் சிற்பமாகவும், கீழே தமிழ் எழுத்தாகவும் இருக்கிறது. கோயிலைக் கட்டியவனும் அதே நந்திவர்மன்தான்.

மேற்கு ஆப்பிரிக்காவில், இன்றைய கானா நாட்டில், அசாந்தி மக்களின் அரச தலைநகர் குமாசி. காஞ்சியில் நடந்ததுபோல், தலைவர்கள் கூடி அரசனைத் தேர்ந்தெடுக்கும் வழக்கம் அங்கே இன்னும் உயிரோடிருக்கிறது. அரியணை காலியானால் அரசத்தாய் ஒருவரை முன்மொழிவார். தலைவர்கள் ஏற்றால்தான் அவர் அரசர். இப்போதைய மன்னர் இரண்டாம் ஒசெய் டுட்டு 1999-இல் அப்படித்தான் அமர்ந்தார். அந்த ஊர் பட்ட பாடும் கொஞ்சமல்ல. 1874-இல் ஆங்கிலேயப் படை கல் அரண்மனையை வெடிவைத்துத் தகர்த்து, நகருக்குத் தீவைத்தது. பிறகு மன்ஹியா அரண்மனை 1925-இல் எழுந்தது.

காஞ்சிக்கும் பகைவன் வந்தான். சாளுக்கிய மன்னன் இரண்டாம் விக்கிரமாதித்தன் நந்திவர்மனை வென்று நகருக்குள் நுழைந்தான், ஆனால் அழிக்கவில்லை. அங்குள்ள கைலாசநாதர் கோயிலின் செல்வத்தைப் பார்வையிட்டு, அதைக் கோயிலுக்கே திருப்பிக் கொடுத்தான். வென்றவனின் கன்னட மொழியிலேயே அக்கோயில் தூணில் அந்தச் செய்தி வெட்டப்பட்டிருக்கிறது.